ஆண்டீஸ் எரிமலைகளில் தங்கம் சேர்ந்தது எப்படி?

1532 நவம்பரில், இன்றைய பெரு நாட்டின் கஹமார்கா ஊரில், ஸ்பானியத் தளபதி பிசாரோ இன்கா பேரரசர் அதவால்பாவைச் சிறைப்பிடித்தார். என்னை விட்டுவிட்டால் ஓர் அறையைக் கை எட்டும் உயரம் வரை தங்கத்தால் நிரப்பித் தருகிறேன் என்றார் அதவால்பா. சொன்னபடியே பேரரசின் எல்லாத் திசைகளிலிருந்தும் பாத்திரங்களும் நகைகளும் கோயில் சுவர்களில் பதித்திருந்த தகடுகளும் வந்து சேர்ந்தன. அத்தனையையும் உருக்கியதில் ஏறத்தாழ 6 டன் தங்கம் தேறியது. தங்கத்தை வாங்கிக்கொண்டு, 1533-ல் அவரைக் கொன்றும்விட்டார்கள்.

அந்த அறைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்திலிருந்து 3,500 முதல் 4,100 மீட்டர் உயரத்தில், புல் மூடிய குன்றுகள் இருக்கின்றன. அங்கே 1993-ல் யனகோச்சா என்ற சுரங்கம் தொடங்கியது. அதிலிருந்து இதுவரை ஆயிரம் டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள். தங்கத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்களும், தலைமுறை தலைமுறையாகத் தங்க வேலை செய்துவந்த இன்காக்களும் அதன் பக்கத்திலேயே இருந்தும் அது அவர்கள் கண்ணில் படவில்லை. காரணம், அந்தத் தங்கத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுதான் ஒவ்வொரு துகளும் இருக்கும். இன்காக்களின் தங்கத்தில் பெரும்பகுதி ஆற்று மணலில் அரித்து எடுத்தது; பாறைக்குள் தூசியாக ஒளிந்திருக்கும் தங்கம் வேறு ரகம்.

இந்தத் தூசித் தங்கம் அங்கே எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எரிமலை தங்கத்தைக் கக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அப்படியில்லை. தங்கத்தைச் சுமந்து வருவதும் நீர்தான், ஓரிடத்தில் இறக்கிவைப்பதும் நீர்தான். எரிமலையின் வேலை, அந்த நீருக்குச் சூட்டையும் கந்தகத்தையும் கொடுப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். நம் காலடியில் கிடக்கும் சாதாரணப் பாறையிலும் தங்கம் உண்டு. ஒரு டன் பாறையை எடுத்தால் அதில் சில மில்லிகிராம் இருக்கும். அதை எடுக்கப் போனால் செலவு கட்டாது. யனகோச்சா போன்ற இடத்தில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் அளவில் இருக்கும். அதாவது, சாதாரணப் பாறையில் இருப்பதைப்போல் பல நூறு மடங்கு. அப்படியும், ஒரு பவுனுக்கு 8 கிராம் என்று கணக்குப் போட்டால், ஒரு பவுன் தங்கத்துக்கு எட்டு டன் பாறையை வெட்டி எடுக்க வேண்டும். இருப்பதில் ஒரு பகுதி பிரியாமல் பாறையிலேயே தங்கிவிடும் என்பதால் நிஜத்தில் எட்டு டன்னும் போதாது. ஆக, தங்கச் சுரங்கம் என்றாலே, இயற்கை எப்படியோ பல நூறு மடங்கு தங்கத்தை ஒரே இடத்தில் கூட்டிவைத்த இடம் என்று பொருள். எப்படிக் கூட்டியது?

கடலடித் தட்டு கொண்டுபோகும் நீர்

ஆண்டீஸ் மலைத்தொடர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகச் சுமார் 7,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா புவித்தட்டு, ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் போல, கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்த தட்டு என்பதால் அதன் பாறைகளில் நீர் ஊறியிருக்கும். பாறையின் இடுக்குகளில் மட்டுமல்லாமல், கனிமங்களின் படிக அமைப்புக்குள்ளேயே நீர் கட்டுண்டிருக்கும். தட்டு கீழே போகப் போகச் சூடும் அழுத்தமும் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போது அந்த நீர் பிழிந்து வெளியேறி மேலே இருக்கும் சூடான பாறைக்குள் புகுகிறது.

பாறையின் உருகுநிலையை நீர் இறக்கிவிடும். உலர்ந்திருந்தால் உருகாத பாறை, நீர் சேர்ந்ததும் அதே சூட்டில் உருகத் தொடங்குகிறது. இப்படிப் பிறக்கும் பாறைக்குழம்புதான் ஆண்டீஸ் எரிமலைகளின் மூலம். ஹவாய் தீவுகளின் குழம்புக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆண்டீஸ் குழம்பில் நீர் மிக அதிகம், எடையில் நான்கு சதவீதத்துக்கு மேலும் போகும். கந்தகமும் குளோரினும் கூடவே இருக்கும். தங்கமும் செம்பும் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும்.

இந்தக் குழம்பில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. தரைக்கு அடியில் ஐந்து, பத்து கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி மெல்ல ஆறுகிறது. ஆறும்போது முதலில் படிகமாவது ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள். அவற்றில் நீருக்கும் கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் அவ்வளவாக இடம் கிடையாது. படிகம் கூடக் கூட, மிச்சமிருக்கும் குழம்பில் இவையெல்லாம் செறிந்துகொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் குழம்பால் நீரைத் தாங்க முடியாமல் போய், அது தனித் திரவமாகப் பிரிந்துவிடுகிறது. தங்கமும் செம்பும் கந்தகமும் அந்த நீரோடு கிளம்பிவிடுகின்றன. நம் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் எல்லா எரிமலைகளின் அடியிலும் தங்கம் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டீஸில் ஆயிரக்கணக்கான எரிமலைகள் தோன்றி அழிந்திருக்கின்றன. வெட்டி எடுக்கத் தகுந்த தங்கம் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய பகுதிகளில்தான். பல குழம்புகளில் ஆழத்திலேயே, உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு துளிகள் பிரிந்துவிடும். தங்கத்துக்குக் கந்தகத்தின் மேல் அப்படி ஓர் ஈர்ப்பு; அந்தத் துளிகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டு கீழேயே நின்றுவிடும். இன்னும் சில எரிமலைகள் பெரிதாக வெடித்து, நீரையும் வாயுவையும் ஒரே மூச்சில் வானத்துக்கு அனுப்பிவிடும். வானத்துக்குப் போன தங்கம் காற்றில் சிதறிப் போனதுதான். மெதுவாக, தொடர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகள் ஒரே வழியில் நீர் கசிந்து ஏறினால்தான் தங்கம் ஓரிடத்தில் சேர வாய்ப்பு.

கஹமார்காவின் மலைகள் இதற்கு நல்ல சான்று. இன்று அங்கே உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. வடக்குப் பெருவில் நாஸ்கா தட்டு சரிந்து இறங்காமல், கண்டத்துக்கு அடியில் கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் ஓடுகிறது. அதனால் நடுவில் இருந்த சூடான பாறை ஒதுங்கி, எரிமலைகள் அணைந்துவிட்டன. எரிமலைகள் இப்படி மெல்ல ஓய்ந்துவந்த காலத்தில்தான், ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, யனகோச்சாவின் பாறைகளும் தங்கமும் உருவாயின. தெற்கே, சிலி–அர்ஜென்டினா எல்லையில் உள்ள எல் இந்தியோ பகுதியிலும் இதே நிலைமைதான்: தட்டு படுத்துவிட்டது, எரிமலை ஓய்ந்தது, தங்கம் நிறைய. எரிமலையின் இளமையைவிட அதன் கடைசிக் காலம்தான் தங்கத்துக்கு உகந்தது என்று தோன்றுகிறது.

ஓட்டை விழுந்த கல்

குழம்பிலிருந்து பிரிந்த நீர் மேலே ஏறும்போது முதலில் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே பாறையை நொறுக்கிப் புகுந்து, வலை போலக் குவார்ட்ஸ் நரம்புகளை விட்டுச் செல்லும். செம்பும் கொஞ்சம் தங்கமும் இங்கே தங்கும். போர்ஃபிரி என்று இவ்வகைத் தாதுக்களைச் சொல்வார்கள். வடக்குச் சிலியின் மரிகுங்கா பகுதியில் செம்பு குறைந்து தங்கம் மிகுந்த போர்ஃபிரிகள் இருக்கின்றன. யனகோச்சாவுக்கு வடகிழக்கே உள்ள கோங்கா தாதுவும் போர்ஃபிரிதான். அங்கே மேல்பகுதி அரித்துப் போனதால் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது.

போர்ஃபிரிக்கும் மேலே, தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள், நடப்பதுதான் சுவாரசியம். யனகோச்சா இந்த ரகம்.

ஏறிவரும் ஆவியில் கந்தக டைஆக்சைடு இருக்கும். சூடு குறைந்து, வழியில் நீரில் அது கரையும்போது ஒரு பகுதி கந்தக அமிலமாகவும், ஒரு பகுதி அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகவும் பிரிகிறது. உடன் வரும் குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. இப்போது பாறைக்குள் ஓடுவது சுடச்சுட அமிலம், அதன் பி.எச். மதிப்பு ஒன்றை ஒட்டி இருக்கும். ஜாவாவின் கவா இஜென் எரிமலையில் பச்சைநீல ஏரி ஒன்று இருக்கிறதே, கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து தொழிலாளர்கள் ஏறி வரும் காட்சியைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அந்த ஏரி நீர் இப்படிப்பட்ட அமிலம்தான்.

அமிலம் எரிமலைப் பாறையைத் தின்னத் தொடங்குகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு என்று ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டு போகிறது. சாதாரணமாக அசைந்து கொடுக்காத அலுமினியத்தைக்கூட விடுவதில்லை. கடைசியில் மிஞ்சுவது, மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா மட்டும். இந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதன் வரலாறு அப்படியே தெரியும். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், தொட்டால் சொரசொரப்பு, கல்லின் உருவத்துக்கு எடை குறைவு. மேலெங்கும் ஓட்டைகள். உற்றுப் பார்த்தால் அந்த ஓட்டைகள் தாறுமாறாக இல்லை. பல ஓட்டைகள் நீள்சதுரமாக, நேர் விளிம்போடு இருக்கும். ஒரு காலத்தில் அங்கே ஃபெல்ட்ஸ்பார் படிகம் உட்கார்ந்திருந்தது. அமிலம் படிகத்தைக் கரைத்துவிட்டது, அதன் வடிவம் மட்டும் சிலிக்காவில் அச்சாக நிற்கிறது. பாறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இல்லாமல் போன ஒன்றின் உருவத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கல் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த அமிலம் பெரும்பாலும் தங்கத்தைக் கொண்டுவருவதில்லை. அது இடத்தைத் தயார் செய்கிறது, அவ்வளவுதான். ஓட்டையும் விரிசலுமாகப் பாறையைத் திறந்துவைக்கிறது. அப்புறம் வருகிறது அமிலம் குறைந்த இன்னொரு திரவம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், செம்பும் ஆர்சனிக்கும் கலந்த எனார்ஜைட், அவற்றோடு தங்கம், எல்லாம் அந்த ஓட்டைகளில் வந்து படிகின்றன. யனகோச்சாவில் தங்கம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

அமிலம் நடுவிலிருந்து விலகி ஓட ஓட, பாறையோடு வினைபுரிந்து வலுவிழக்கிறது. அதனால் பாறை மாறும் விதமும் மாறுகிறது. நடுவில் ஓட்டைச் சிலிக்கா, அதைச் சுற்றி இளஞ்சிவப்பும் வெண்மையுமான அலுனைட், அதற்கு வெளியே கயோலின் என்ற வெள்ளைக் களிமண், இன்னும் வெளியே பச்சை நிறமேறிய பாறை. புவியியலாளர் மலைச்சரிவில் நடந்து போகும்போது கால் கீழே இருக்கும் கல் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறினால், மையத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்துகொள்வார். சிலிக்கா கடினமானது என்பதால் சுற்றியிருப்பது அரித்துப் போனாலும் அது மேடாக நிற்கும். களிமண் கனிமங்கள் சூரிய ஒளியின் அகச்சிவப்புப் பகுதியில் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சுவதால், செயற்கைக்கோள் படங்களிலேயே இந்த வெளுத்த மலைகளை அடையாளம் காணலாம். மரம் மட்டை இல்லாத உயர ஆண்டீஸில் இந்த முறை அருமையாக வேலை செய்கிறது.

எல் இந்தியோவில் இந்த நாடகத்துக்கு இன்னொரு காட்சியும் உண்டு. சிலியில் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த இடத்தில், எனார்ஜைட் நிறைந்த நரம்புகளை வெட்டிக்கொண்டு பிறகு வந்த குவார்ட்ஸ் நரம்புகள் சிலவற்றில் ஒரு டன்னுக்கு 200 கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. பிரித்தெடுக்கும் ஆலைக்குக்கூட அனுப்பாமல் தாதுக் கல்லை அப்படியே கப்பலேற்றி உருக்காலைக்கு அனுப்பினார்கள். யனகோச்சாவில் ஒரு பவுனுக்கு எட்டு டன் வேண்டியிருந்தது. இங்கே அந்தக் கல்லில் 40 கிலோவே போதும். 2002-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது.

கொதித்தவுடன் கீழே விழும் தங்கம்

அமிலம் இல்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. எரிமலையின் மையத்திலிருந்து தள்ளி, மழைநீர் விரிசல்கள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே சூடேறி, குழம்பிலிருந்து வரும் வாயுவைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீண்டும் மேலே ஏறுகிறது. பாறையோடு நீண்டகாலம் பழகிய நீர் என்பதால் அமிலமெல்லாம் தணிந்து நடுநிலையில் இருக்கும். சூடு 200 முதல் 300 டிகிரி வரை.

தங்கம் தண்ணீரில் கரையுமா? வெறும் தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாது. நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் கதை வேறு. ஒரு தங்க அணுவை இரண்டு கந்தகத் துணைகள் இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன; அந்தக் கூட்டு நீரில் கரைந்து பயணம் செய்யும். கந்தகம் இருக்கும்வரை தங்கம் மிதந்து வரும். கந்தகம் கைவிட்டால் அங்கேயே விழுந்துவிடும்.

கந்தகம் எப்போது கைவிடும்? நீர் கொதிக்கும்போது. நம் வீட்டு பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதித்து ஆவியாகிவிடாமல் இருப்பதற்கு அழுத்தம்தான் காரணம். வெயிட்டைத் தூக்கினால் அழுத்தம் இறங்கி, உள்ளே இருப்பது குபுகுபுவென்று கொதித்து ஆவி சீறுகிறது. பூமிக்குள்ளும் மேலே இருக்கும் நீரின் எடை அழுத்திக்கொண்டிருப்பதால் 250 டிகிரி சூட்டிலும் நீர் அமைதியாக இருக்கிறது. அது மேலே ஏறி ஏறி, தரைக்கு ஏறத்தாழ 450 மீட்டர் கீழே வரும்போது அழுத்தம் போதாமல் கொதிக்கத் தொடங்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடு ஒரு வாயு, ஆவியோடு தப்பித்துவிடும். துணையை இழந்த தங்கம் விரிசலின் சுவரில் படிந்துவிடும்.

கொதித்தது என்பதற்குச் சாட்சியும் கல்லிலேயே இருக்கிறது. கொதிக்கும்போது கரியமில வாயுவும் வெளியேறுவதால், சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் மெல்லிய தகடு தகடாக, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு வேகமாக வளர்கிறது. பின்னால் வரும் நீர் அந்தக் கால்சைட்டைக் கரைத்துவிட்டு அதே வடிவத்தில் குவார்ட்ஸை வைத்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட தகட்டுக் குவார்ட்ஸைப் பார்த்தால், இங்கே நீர் கொதித்தது, தங்கம் பக்கத்தில் இருக்கலாம் என்று தேடுகிறவர்கள் உஷாராகிவிடுவார்கள். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். கொதித்த நீரில் தங்கமே இல்லாமலிருந்தால் தகடு மட்டும்தான் மிச்சம்.

இந்த வகைக்கு உலகத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஆண்டீஸில் இல்லை. அது ஜப்பானின் தெற்கில், ககோஷிமா மாகாணத்தில் உள்ள ஹிஷிகாரி. 1981-ல் துளையிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், 1985-ல் வெட்டத் தொடங்கினார்கள். ஒரு டன்னுக்கு 30, 40 கிராம் என்ற அளவில் பல ஆண்டுகள் தாது கிடைத்தது. அதன் வயது பத்து லட்சம் ஆண்டுகள்தான், புவியியல் கணக்கில் பச்சைக் குழந்தை. சுரங்கத்துக்குள் இன்றும் 65 டிகிரி வெந்நீர் ஊறுகிறது. அதை இறைத்து வெளியேற்றினால்தான் வேலை நடக்கும். அந்த நீரைப் பக்கத்து ஊரின் வெந்நீர்க் குளியல் இல்லங்களுக்கும் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் என்றோ நடந்து முடிந்ததாக நினைக்க வேண்டாம். நியூசிலாந்தின் பிராட்லேண்ட்ஸ் பகுதியில் நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்காகக் கிணறுகள் தோண்டியிருந்தார்கள். கிணற்றிலிருந்து வரும் சூடான நீரின் அழுத்தத்தைக் குறைக்கக் குழாயில் ஒரு துளைத் தகடு வைத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் நீர் திடீரென்று கொதிக்கும். 1980-களில் அந்தத் தகட்டில் ஒட்டியிருந்த கறுப்புப் படிவைச் சுரண்டிச் சோதித்தபோது அதில் தங்கம் சதவீதக் கணக்கில் இருந்தது. ஆழத்து நீரில் ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் தங்கம் இருந்தது! அந்த எளிய நீரிலிருந்து, ஒரு தகடு இருந்த இடத்தில், அழுத்தம் இறங்கியதால் மட்டுமே இத்தனை செறிவு வந்துவிட்டது. கொதித்தால் தங்கம் விழும் என்ற கருத்துக்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடைக்காது.

பாப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் இன்னும் பெரிய அளவில் இதே கதை. அங்கே ஓர் எரிமலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து கடலில் விழுந்துவிட்டது. மேலிருந்த பாரம் ஒரே நாளில் இறங்கியதும் கீழே இருந்த வெந்நீர் அமைப்பு முழுவதும் அழுத்தம் இழந்தது. லிஹிரில் இன்றும் ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கும் உப்பு நீரில் டன்னுக்கு 15 மில்லிகிராம் தங்கம் இருக்கிறது என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நீர் ஆண்டுக்கு 24 கிலோ தங்கத்தை மேலே கொண்டுவருகிறது. லிஹிர் தாதுவில் மொத்தம் சுமார் 1,300 டன். வகுத்துப் பாருங்கள்: 55 ஆயிரம் ஆண்டு இருந்தால் போதும். ஒரு பெரிய தங்கத் தாது உருவாகக் கோடி ஆண்டுகள் வேண்டும் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு உடைத்துவிட்டது. என்னைக் கேட்டால், தங்கத்தின் புவியியலில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த மிக அழகான கணக்கு இது.

இளமையிலேயே அழியும் தாதுக்கள்

யனகோச்சா, ஹிஷிகாரி, லிஹிர் மூன்றுமே புவியியல் அளவில் இளசு. இது தற்செயல் இல்லை. இந்தத் தாதுக்கள் தரைக்கு மிக அருகில் உருவாவதால், மலை உயர உயர முதலில் அரித்துப் போவதும் இவைதான். நல்ல மழையும் சரிவும் உள்ள இடத்தில் சில லட்சம், சில கோடி ஆண்டுகளில் மொத்தமும் கரைந்து ஆற்று மணலோடு போய்விடும். மழையே இல்லாத வடக்குச் சிலியில் பல தாதுக்கள் பிழைத்துக் கிடப்பதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம்.

நம்மவர்கள் பலருக்குத் தங்கச் சுரங்கம் என்றால் கோலார்தான் நினைவுக்கு வரும். வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் அங்கே உழைத்தவர்களின் வாரிசுகள் இன்றும் இருக்கிறார்கள். கோலாரின் பாறைகளும் ஒரு காலத்து எரிமலைக் குழம்புதான், ஆனால் 270 கோடி ஆண்டுப் பழையவை. அங்கே தங்கத்தைச் சுமந்த நீர் எரிமலையின் மேல்தட்டில் ஓடியது இல்லை. பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் அழுந்திச் சூடேறி உருமாறியபோது அவற்றிலிருந்து பிழிந்து வந்தது. ஆழத்தில் படிந்த தாது என்பதால் இத்தனை கோடி ஆண்டுகள் அரிப்புக்குத் தப்பியது, சுரங்கமும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமாகப் போக முடிந்தது. யனகோச்சாவில் அப்படிப் போகத் தேவையே இல்லை. திறந்த குழியாக மேலிருந்தே வெட்டினார்கள்.

தங்கத்தோடு கூட வருபவை

யனகோச்சாவின் தங்கம் முதலில் பைரைட்டோடு சேர்ந்தே கிடந்தது. மேல் பகுதியில் மழைநீரும் காற்றும் பல லட்சம் ஆண்டுகளாகப் புகுந்து பைரைட்டைத் துருவாக்கின. அதனால் தங்கம் விடுபட்டு, சிவந்து துருவேறிய ஓட்டைக் கல்லில் தனியாக நின்றது. இந்த ஒரு மாற்றம் இல்லாமலிருந்தால் டன்னுக்கு ஒரு கிராம் தாதுவை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உடைத்த கல்லை நீர் புகாத விரிப்பின் மேல் மலை போலக் குவித்து, மேலே நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டவிடுவார்கள். ஓட்டைகள் வழியாகக் கரைசல் இறங்கி, தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேரும். கோடி ஆண்டுகளுக்கு முன்பு அமிலம் போட்ட ஓட்டைகளே இன்று சயனைடுக்கு வழி விடுகின்றன.

தங்கம் மட்டும் தனியாக வருவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆழமற்ற வெந்நீர்த் தாதுக்களில் பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி ஆகியவை தங்கத்தின் நிரந்தரக் கூட்டாளிகள். எல்லாம் அதே கந்தக நீரில் வந்தவை. யனகோச்சாவில் தங்கத்தோடு பாதரசமும் கரைந்து வரும். அதைப் பிரித்துக் குடுவைகளில் அடைத்து வெளியே அனுப்புவார்கள். 2000 ஜூனில் அப்படி ஏற்றிச் சென்ற லாரியிலிருந்து சுமார் 150 கிலோ பாதரசம் சோரோபாம்பா ஊர் வழியாகச் செல்லும் சாலையில் சிந்தியது. வெள்ளியாக மினுங்கிய அந்தத் திரவம் என்னவென்று தெரியாமல் மக்கள், குழந்தைகள் உட்பட, கையால் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் நோயுற்றார்கள்.

கோங்காவில் போர்ஃபிரி தாதுவை எடுக்கத் திட்டம் வந்தபோது, மலை உச்சியில் இருந்த நான்கு ஏரிகளை வடித்துவிட்டு வேறிடத்தில் நீர்த்தேக்கம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஏரிகளும் ஈரப் புல்வெளிகளும்தான் கீழே இருக்கும் கிராமங்களின் நீருக்கு மூலம். கஹமார்கா மக்கள் 2011-லிருந்து தெருவில் இறங்கினார்கள். 2012 ஜூலையில் போராட்டத்தின்போது ஐந்து பேர் இறந்தார்கள். திட்டம் நின்றுபோனது. அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு என்றே நினைக்கிறேன். பைரைட் நிறைந்த பாறையை வெட்டித் திறந்தால் காற்றும் மழையும் பட்டு அது கந்தக அமிலத்தை உண்டாக்கும் என்பது எந்தப் புவியியல் மாணவருக்கும் தெரிந்த வேதியியல்.

யனகோச்சாவில் துருவேறிய மேல்தாது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அடியில் இருப்பது காற்றுப் படாத சல்பைடு தாது: தங்கம், செம்பு, கூடவே எனார்ஜைட்டின் ஆர்சனிக். இதற்குக் குவித்துவைத்துச் சயனைடு சொட்டும் முறை சரிப்படாது. வேறு ஆலை, பல நூறு கோடி டாலர் முதலீடு எல்லாம் வேண்டும். அந்த முடிவை நிறுவனம் 2022-ல் தள்ளிவைத்தது. முடிவு எப்படிப் போனாலும், ஏற்கெனவே திறந்துவிட்ட குழிகளிலும் கழிவுக் குவியல்களிலும் மழை பெய்துகொண்டுதான் இருக்கும். அங்கிருந்து வடியும் நீரை, சுரங்க வேலை நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்குச் சுத்திகரித்தே கீழே விட வேண்டும்.